கெட்டி டிப், மெத்து டிப்

பொத்தேரியில் மகளின் கல்லூரி வாசலில் காத்திருந்தேன். எதிர் மாடியில் யாரோ பில்லியர்ட்ஸ் ஆடினார்கள். கோலின் கெட்டி டிப் பந்தில் பட்டு ‘டக்’கென்றது. அந்த ஒரு சத்தம் போதும், நான் பள்ளிச் சீருடையில் குரோம்பேட்டைக்குப் போய்விட.

பக்கவாதம் வந்து எழுந்திருந்த அப்பா, வலதுகை சொன்னபடி கேட்காத கோபத்தில் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. அவரோடு பில்லியர்ட்ஸ் ஆடும் ஆட்டோக்கார குமார் அண்ணன்தான் ஒருநாள் எங்கள் இருவரையும் பில்லியர்ட்ஸ் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனார். கடை முழுக்க, கோல் வழுக்காமலிருக்க நுனியில் தேய்க்கும் நீல சாக்பீஸ் தூள் வாசனை.

கியூ என்கிற அந்தக் கோலின் நுனியில் ஒட்டுகிற தோல் துண்டுதான் டிப். அப்பா கெட்டி டிப் கட்சி. மெத்து டிப்பை ‘இட்லி’ என்று கேலி செய்வார். குமார் அண்ணன் நீட்டியது இட்லி டிப் கியூவை.

“எனக்கே இட்லியாடா?”

“ஆஸ்பத்திரில அதானே சார் துன்னுகினு கெடந்த? கெட்டி டிப்பு வேகமாப் போவும், ஆனா கை ஆடுனா வழுக்கிடும். இது பந்தைப் புடிச்சினு தள்ளும். அட்ச்சுதான் பாரேன்!”

அப்பா சிரித்துவிட்டார். வலதுகையாலேயே தள்ளினார். ‘தொப்’பென்று ஒரு மெல்லிய சத்தம். வெள்ளைப் பந்து யோசித்து யோசித்து உருண்டு மஞ்சளைத் தொட, மஞ்சள் குழிக்குள் விழுந்தது.

தன் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. பிறகு என்னிடம், “அந்தக் கெட்டி டிப் கியூவை எடு பாப்பா,” என்றார். 

“வழுக்கிடும்பா.”

“வழுக்கட்டுமே.”

வழுக்கியது. அவர் கியூ நுனியில் மறுபடியும் சாக்பீஸைத் தேய்த்தார்.