எல்லா வரியிலும் மோதகம்

கோயிலின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் மெல்பேர்னுக்குக் குடிபோனபோது, "அதென்ன பெரிய வேலை, நான் செய்யிறன்" என்று செயலாளர் அக்காவிடம் சொன்னது என் வாய். கைகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பக்கத்தைத் திருத்தும் இடத்தில் மவுஸ் செல்லாது. கறுப்புத் திரை, எழுத ஒரு கட்டளை, அழிக்க ஒன்று, வெளியேற இன்னொன்று. முதல் நாள் வெளியேறத் தெரியாமல் கணினியையே நிறுத்திவிட்டு எழும்பினேன். பிறகு வரி எண்கள் பிடிபட்டன. 3,6 என்று தொடங்கினால் மூன்றாம் வரி முதல் ஆறாம் வரி வரை மட்டும் கட்டளை செல்லும். % போட்டால் கோப்பு முழுவதும். ஒரே குறியில் இவ்வளவு அதிகாரம்! வீட்டில் எனக்கு அரை வரிகூடக் கிடையாது.

பிள்ளையாருக்குப் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். யார் என்ன பிரசாதம் என்று பக்கத்தில் ஒரு நாளுக்கு ஒரு வரி. பல வருடம் காத்திருந்து எங்களுக்கு ஏழாம் நாள் கிடைத்திருந்தது.

"எல்லாரும் கடலைதான் குடுக்கினம். நாங்கள் மோதகம். எங்கட நாளில மட்டும்தான்," என்றாள் மனைவி. கண்ணில் தேரே ஓடியது.

ஏழாம் வரியில் கடலையை மோதகமாக்க வேண்டும், அவ்வளவுதான். நான் % போட்டேன். திரையில் எங்கள் வரி மாறியது தெரிந்ததும், மற்ற வரிகளைப் பார்க்காமல் சேமித்து, வெளியேறி, தேநீர் கேட்டேன்.

மறுநாள் ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் மனைவி தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில் அக்காவின் அழைப்பு. என் கை நிறையப் பைகள், ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, கடலை குடுக்கிற ஆக்கள் எல்லாருக்கும் மோதகம் எண்டு போட்டிருக்கிறீங்கள்! பிள்ளையாருக்கு வயிறு பெரிசுதான், அதுக்காக?"

"இப்பவே மாத்துறன் அக்கா."

"ஆறாம் நாளை மாத்தாதேங்கோ. அந்த நாள் உபயகாரர், கிளென் ஈடன் ஆக்கள், அதைப் பாத்திட்டு மோதகத்துக்குப் பயறும் வறுத்திட்டினமாம்."

மனைவி தேங்காயைக் கீழே வைத்தாள். "என்ர மோதகத்தை ஊருக்கே பங்குபோட்டு விட்டிட்டீங்களே!"

வீட்டுக்கு வந்து 1,5 என்றும் 8,10 என்றும் வரி எண் கொடுத்து, மோதகத்தை மறுபடி கடலையாக்கினேன். கட்டளையை அடிக்குமுன் ஒவ்வொரு எண்ணையும் பின்னால் நின்றவளிடம் வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. ஆறு மட்டும் அப்படியே நின்றது, எங்களுக்குச் சரியாக ஒரு நாள் முன்னால்.

ஆறாம் நாள் அவள் ஒரு மோதகத்தை மெல்ல மென்றாள்.

"எப்பிடி?"

"மா தடிப்பு," என்றாள். பிரசாதத்தைக் குறை சொல்லக்கூடாது என்பதால் மிகவும் மெதுவாக.

எங்கள் நாள் காலையில் நானும் மோதகம் பிடித்தேன். நான் பிடித்தவை உருளைக்கிழங்கின் சொந்தக்காரர்கள்போல இருந்தன. அவள் தட்டைப் பார்த்தாள்.

"முதல் ரெண்டு வரிசை நான் பிடிச்சது, கை வைக்காதேங்கோ. மூண்டில இருந்து கடைசி வரைக்கும் உடைச்சுத் திருப்பிப் பிடியுங்கோ."

இதைவிடத் தெளிவான கட்டளையை எந்தக் கணினிக்கும் நான் கொடுத்ததில்லை.

பூசை முடிந்ததும் அக்கா ஒன்றைச் சாப்பிட்டாள், இரண்டாவதையும் எடுத்தாள், மூன்றாவதை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள்.

"பிள்ளை, அடுத்த வருசம் மோதகம் உன்ர நாளில மட்டும்தான். தம்பி, இப்பவே பக்கத்தில போட்டுவிடுங்கோ."

"அவர் வேண்டாம் அக்கா," என்றாள் மனைவி. "நானே போடுறன். எந்த வரி எண்டு எனக்குத் தெரியும்."