பூச்சியத்தில் தொடங்கிய தண்ணீர் முறை

வேலணையில் அப்புத்துரை வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். நூற்றறுபத்தைந்தர் வீடு எது என்று கேட்டால் நேரே கூட்டிக்கொண்டுபோய்ப் படலையில் விட்டுவிடுவார்கள். இந்தப் பெயர் அவருக்கு 1956ஆம் ஆண்டில், கலியாணத்துக்கு முதல்நாள் கிடைத்தது. பெண்ணின் அண்ணன் தம்பிராசா, பந்தலில் பத்துப் பேர் இருக்கத்தக்கதாக, "மாப்பிள்ளை, பன்னிரண்டு தரம் பதின்மூன்று எவ்வளவு?" என்று கேட்டார். அப்புத்துரை யோசிக்காமல் நூற்றறுபத்தைந்து என்றார். நூற்றைம்பத்தாறு என்பதுதான் விடை. இலக்கம் மூன்றும் சரி, இரண்டு மட்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. அந்த நுணுக்கத்தைப் பார்க்கிற பொறுமை பந்தலில் ஆருக்கு இருந்தது? சிரித்த சிரிப்பில் சோறு ஆறிப்போனது.

அவர் மக்கு அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய் ஒரு சாமான் கடையில் நின்றவர். எந்த மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கணக்குக் கொப்பியை மட்டும் முதலாளி அவர் கையில் கொடுத்ததில்லை. அதுவும் அவருக்கு மனதுக்குள் ஒரு முள்தான். எழுபத்தேழில் கொழும்பு வேண்டாம் என்று ஊருக்கு வந்தபோது அவருடைய பெட்டிக்குள் இரண்டு வேட்டியும், கொம்பியூட்டரைப் பற்றிய மெல்லிய தமிழ்ப் புத்தகம் ஒன்றும் இருந்தன. நடைபாதைக் கடையில் வாங்கியது. கொம்பியூட்டர் ஒருநாளும் கணக்கில் பிழை விடாது என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே வாங்கினார்.

ஊரில் அப்போது கிணற்றுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. வேலணை மண்ணில் கிணறு வெட்டினால் பத்துக்கு ஏழு உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். தம்பிராசாவின் பாட்டனார் வெட்டிய கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அதில் காணி உறுதிப்படி நாலு பேருக்குப் பங்கு. அரைவாசி தம்பிராசாவுக்கு. காற்பங்கு அன்னபூரணத்துக்கு, அவள் புருசன் செத்துத் தனியாகத் தோட்டம் செய்கிறவள். மிச்சக் காற்பங்கு சரிபாதியாக நடராசாவுக்கும் அவன் தம்பி பாலசிங்கத்துக்கும், ஆளுக்கு அரைக்கால். எட்டு நாள் ஒரு சுற்று. முதல் நாலு நாள் தம்பிராசா இறைப்பார், அடுத்த இரண்டு நாள் அன்னபூரணம், பிறகு அண்ணன் தம்பி ஒவ்வொரு நாள். துலாவால் இறைத்த காலத்தில் இதில் ஒரு குறையும் இல்லை. தம்பிராசா மண்ணெண்ணெய் மிசின் வாங்கிய பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. நாலு நாள் தொடர்ந்து மிசின் குடித்தால் கிணறு அடிவற்றிச் சவர் ஏறிவிடும். ஐந்தாம் நாள் அன்னபூரணம் இறைக்க வரும்போது தண்ணீர் நாக்கில் வைக்க ஏலாது.

எழுபத்தொன்பதில் அவளுடைய புகையிலை முழுக்க இலை கருகிப் போயிற்று. எண்பதாம் ஆண்டுத் தையிலும் அப்படியே போனால் கிணற்றுப் பங்கையும் தோட்டத் தறையையும் தம்பிராசாவுக்கே எழுதிவிட்டு, மடத்துவெளியில் அண்ணன் வீட்டுக் குசினியில் போய் ஒண்டவேண்டியதுதான். அண்ணன்காரனின் பெண்சாதியோ வாய்க்காரி. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊர் அதிகாரி விதானையார் மூன்று தரம் வந்து பேசினார். நாட்களை மாற்றிப் போடுங்கள் என்று ஆர் சொன்னாலும் தம்பிராசா, "நீர் அவளுக்குச் சொந்தக்காரன், நீர் இவனுக்குச் சொந்தக்காரன்" என்று சொல்லித் தட்டிவிடுவார். சொந்தமில்லாத ஆளுக்கு வேலணையில் எங்கே போவது?

அப்போதுதான் அப்புத்துரை வாயைத் திறந்தார்.

"மச்சான், கொம்பியூட்டர் முறையில ஒரு கணக்குப் போட்டுப் பாப்பமே?"

தம்பிராசா வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "உந்தக் கொம்பியூட்டருக்கு வேலணையில சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை மச்சான்."

"அப்ப போடும் பாப்பம்."

போடும் என்று சொல்வது சுகம். புத்தகத்தைத் திறந்த அப்புத்துரைக்குத் தலை சுற்றியது. நாங்கள் பத்தை அடியாக வைத்து எண்ணுகிறோமாம், அதனால் பத்து இலக்கம். கொம்பியூட்டர் இரண்டை அடியாக வைத்து எண்ணுமாம், அதனால் அதற்குப் பூச்சியமும் ஒன்றும் மட்டும் போதுமாம். இரண்டு என்று எழுத வேண்டுமானால் ஒன்றும் பூச்சியமும் போடவேண்டும். "அப்ப பத்தை என்னெண்டு எழுதுவான்?" என்று மனைவி சறோஜினிதேவியிடம் கேட்டார். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பதினாறை அடியாக வைத்தும் எண்ணலாம், அப்போது பத்துக்கு ஏ என்றும் பதினொன்றுக்கு பி என்றும் எழுதவேண்டும் என்று அடுத்த பக்கத்தில் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றார். இலக்கம் எழுத்தாகிற ஊரில் தனக்கென்ன வேலை என்று தோன்றியது.

ஆனாலும் விடவில்லை. மூன்று கிழமை மல்லுக்கட்டினார். கொம்பியூட்டர் பூச்சியத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும் என்பதால் எட்டு நாளுக்கும் பூச்சியம் முதல் ஏழு வரை பெயர் வைத்தார். ஒவ்வொரு நாளையும் மூன்று இலக்கத்தில் பூச்சியம் ஒன்றாக மாற்றவேண்டும். அதற்கு வழி, எண்ணை இரண்டால் வகுத்து மீதியை எழுதி, வந்த ஈவைத் திரும்ப இரண்டால் வகுத்து மீதியை எழுதுவது. பிறகு உறுதியைப் பார்த்துப் பங்கிட்டார். முதல் இலக்கம் அரைவாசிக்கு: அது பூச்சியமானால் நாள் தம்பிராசாவுக்கு. ஒன்றானால் இரண்டாம் இலக்கத்தைப் பார், அது காற்பங்குக்கு: பூச்சியமானால் அன்னபூரணத்துக்கு. அதுவும் ஒன்றானால் மூன்றாம் இலக்கம் அண்ணனா தம்பியா என்று சொல்லும். இதை நினைத்துப் பிடித்த அன்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஒரு இடத்தில் மட்டும் இடறியது. மீதிகளைக் கீழிருந்து மேலாக எடுத்து எழுதுக என்று புத்தகம் சொன்னது. அதெப்படி? உறுதியில் எவராவது அரைக்காலை முதலில் எழுதி அரைவாசியைக் கடைசியில் எழுதுவார்களா? முதலில் வந்த மீதிதான் முதலில் நிற்கவேண்டும். அச்சுப்பிழை என்று முடிவு கட்டி அந்த வரியைப் பென்சிலால் வெட்டிவிட்டார். சரிபார்க்கப் புத்தகத்திலிருந்த உதாரணங்களைத் தன் வழியில் செய்தார். ஐந்து நூற்றொன்றுபோல வந்தது, புத்தகத்திலும் அதே. ஏழுக்கு மூன்று ஒன்று, அதுவும் சரி. இதற்குமேல் என்ன வேண்டும்?

பிஸ்கற் பெட்டித் தகரத்தை வெட்டி, ஒவ்வொரு நாளையும் அதன் பூச்சியம் ஒன்றையும் மையால் எழுதி, கிணற்றடி வேம்பில் ஆணி அடித்தார். பூச்சியம், இரண்டு, நாலு, ஆறாம் நாள் தம்பிராசா. ஒன்றும் ஐந்தும் அன்னபூரணம். மூன்று நடராசா, ஏழு பாலசிங்கம். நாலு பேரும் தகரத்தைச் சுற்றி நின்றார்கள்.

"எனக்கோ பூச்சியம்?" என்று தம்பிராசா சீறினார்.

"மச்சான், அதில பூச்சியம்தான் முதல். உமக்கு முதல் மரியாதை."

தம்பிராசா தன் நாட்களை விரலால் எண்ணினார். நாலு. குறையவில்லை. பூச்சியமும் ஒன்றுமாக நின்ற அந்த வரிசை ஒருவருக்கும் விளங்கவில்லை, அதனால் எதிர்க்கவும் ஏலவில்லை. அன்றே தொடங்கினார்கள்.

இரண்டு மாதம் கிணற்றடியில் சத்தமே இல்லை. தம்பிராசாவின் மிசின் ஒருநாள் குடித்தால் அடுத்த நாள் சின்னத் தறைக்காரர் இறைத்தார்கள், கிணறு ஊறிக்கொண்டது. சவர் ஏறவில்லை. அன்னபூரணத்தின் புகையிலை யானைக் காதுபோல விரிந்தது. அவள் அப்புத்துரையைக் கண்ட இடமெல்லாம், "அண்ணை, உங்கட கணக்கு என்னைக் காப்பாத்திப்போட்டுது" என்றாள். அப்புத்துரை அந்த நாட்களில் நடந்த நடையைப் பார்த்திருக்கவேண்டும். சால்வை இல்லாமல் வெளியே போனதில்லை.

பங்குனியில் தம்பிராசாவின் மகள் இராசேஸ்வரி லீவில் வந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறவள். தகரத்தைப் பார்த்துவிட்டு நேரே மாமா வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ."

புரட்டினாள். வெட்டிய வரியில் விரல் நின்றது. "இதை ஏன் வெட்டினியள்?"

"அது அச்சுப்பிழை பிள்ளை."

"இல்லை மாமா. நீங்கள்தான் தலைகீழா எழுதியிருக்கிறியள். ஒண்டை நாலாயும் நாலை ஒண்டாயும் போட்டிருக்கிறியள்."

அப்புத்துரை கதிரையில் இருந்துவிட்டார். "ஐஞ்சு சரியோ?"

"ஐஞ்சு சரி."

"ஏழு?"

"அதுவும் சரி."

"இரண்டு?"

"அதுவும் சரிதான் மாமா."

"அப்ப முறை எப்பிடிப் பிள்ளை பிழைக்கும்? முறை பிழையெண்டால் எல்லாமெல்லோ பிழைக்கவேணும்?"

"அதுகள் எந்தப் பக்கத்தால வாசிச்சாலும் ஒரேமாதிரி வாற எண்கள். அதால தப்பிவிட்டுது."

அவருக்கு இது விளங்கவில்லை. பிழையான வழியில் போனவனுக்குச் சரியான வீடு எப்படி அகப்படும்? பென்சிலை எடுத்து, அவள் சொன்னபடி கீழிருந்து மேலாக எட்டு நாளையும் எழுதினார். பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று நாலுக்கும் முதல் இலக்கம் பூச்சியம். நாலு நாளும் தொடர்ந்து தம்பிராசாவுக்கு. நாலும் ஐந்தும் அன்னபூரணம். கடைசியில் அண்ணன், தம்பி. பழைய ஒழுங்கு அச்சொட்டாக வந்து நின்றது. கணக்கைத் திருத்தினால் பழைய சண்டைதான் விடையாக வந்தது. திரும்பவும் போட்டார், அதே.

"மாமா, ஆரிட்டையும் சொல்லாதேங்கோ" என்றாள் இராசேஸ்வரி. அவள் நல்ல பிள்ளை. அன்னபூரணத்துக்கு இன்னும் மூன்று கிழமைத் தண்ணீர் வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

சறோஜினிதேவியும் அதையே சொன்னாள். "இஞ்சருங்கோ, பேசாமல் இருங்கோ. அண்ணை அறிஞ்சால் அவள்ற நாளைப் பறிச்சுப்போடுவார். உங்களையும் ஊர் சிரிக்கும்."

ஊர் சிரிக்கட்டும், அது புதிதல்ல. அவரைத் தின்றது வேறு. கணக்கில் பிழை விடாது என்று நம்பித்தானே நாலு பேரும் வாய் மூடினார்கள்? பிழை என்று தெரிந்தபிறகு அந்தத் தகரம் பொய்த் தகரம். சொன்னால் ஒரு பெண்ணின் பயிர் போகும். சொல்லாவிட்டால் மச்சானின் உரிமையைத் தான் களவெடுத்ததாகும். இரண்டு நாள் இதே யோசனைதான். சரி எது என்று கேட்டால் புத்தகம் ஒன்றைச் சொன்னது, புகையிலை வேறொன்றைச் சொன்னது.

மூன்றாம் நாள் காலை சால்வை இல்லாமல் கிணற்றடிக்குப் போனார். அன்று தகரத்தின்படி ஐந்தாம் நாள். அன்னபூரணம் நடராசா புதிதாய் வாங்கியிருந்த மிசினை இரவல் வாங்கி இறைத்துக்கொண்டிருந்தாள். தம்பிராசா வாய்க்காலோரம் நின்றார். அப்புத்துரை மடியிலிருந்து புதுக் கடதாசியை எடுத்து நீட்டினார்.

"மச்சான், நான் போட்ட கணக்குப் பிழை. தலைகீழா எழுதிப்போட்டன். சரியாப் போட்டால் முதல் நாலு நாளும் உமக்குத்தான். பழையபடிதான்."

அன்னபூரணத்தின் கை மண்வெட்டியிலேயே நின்றுவிட்டது.

"ஆர் சொன்னது?" என்றார் தம்பிராசா.

"உம்மட மகள்தான் கண்டுபிடிச்சவள். படிச்ச பிள்ளை."

தம்பிராசா கடதாசியை வாங்கிப் பார்த்தார். வேம்பிலிருந்த தகரத்தையும் பார்த்தார். பிறகு வாய்க்காலில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விழுங்கினார். அவருடைய தறையிலும் அந்த வருசம் இலை அகலம்தான். முந்திய வருசங்களில் நாலாம் நாள் இறைப்பு அவருக்கும் சவராகத்தான் போயிருந்தது. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லப்போவதுமில்லை.

"கணக்குச் சரி" என்றார்.

"இல்லை மச்சான், பிழை. இஞ்சை பாரும், ஒண்டை வகுத்தால்..."

"சரி எண்டுறன்!"

"நான் போட்டனான், எனக்குத் தெரியாதே? பிழை மச்சான்!"

"உமக்கென்ன கணக்குத் தெரியும்?" என்று தம்பிராசா கத்தினார். "வேலணையில ஆரும் உம்மட கணக்கைப் பிழை எண்டால் என்னட்டை வரச்சொல்லும். அவள் பெரிய படிப்புப் படிச்சால் அங்கை பேராதனையில போய்த் திருத்தட்டும்." கடதாசியை நாலாக மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டார். அன்னபூரணத்தைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தண்ணி பாத்திக்கு வெளியால போகுது, மறி" என்றார்.

அவள் குனிந்து மறித்தாள். கண்ணைத் துடைத்தது மாதிரியும் இருந்தது.

அப்புத்துரை வேம்பின் கீழ் குந்தினார். தன் கணக்கைச் சரி என்று ஒருவர் சொல்லிக் கேட்க இருபத்து நாலு வருசம் ஏங்கிய மனுசன். இன்று சொல்லிவிட்டார்கள், அதுவும் தம்பிராசாவின் வாயால், ஊர் கேட்கிற சத்தத்தில். சந்தோசப்பட வேண்டுமென்றுதான் அவர் பார்த்தார். ஆனால் வாழ்நாளில் தானே போட்டுப் பார்த்து, நிச்சயமாகப் பிழை என்று அறிந்த கணக்கு அது ஒன்றுதான்.