பிரிக்காத சடை

இதை எழுத எனக்குத் தகுதி ஒன்றும் கிடையாது. பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடக் குரல் எழும்பாது. அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்திருப்பதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவின் முடியைப் பற்றி எழுத வீட்டில் வேறு ஆள் இல்லை.

நூல் மில்லை மூடியபோது எனக்கு நாற்பது கடந்திருந்தது. வீட்டுக்காரர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி உள்ளே போகும் ஊரில், அக்கா வீட்டின் பின் அறையில்தான் இருந்தேன். அக்காவும் அத்தானும் கொஞ்சம் நெல்லும் கத்திரியும் போட்டுக் காலம் தள்ளினார்கள். பழங்காநத்தத்தில் ஒரு பெண்கள் பார்லரில் முடி அலங்காரம் கற்றுத் தருகிறார்கள் என்று மில்லில் கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள். போய்ச் சேர்ந்தேன். பார்லரை நடத்துகிறவரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசியில் ஒரு டெஸ்ட் உண்டு, அதில் தேறினால் ஒரு நாற்காலி தருகிறேன் என்றார். பார்லரில் நாற்காலி என்றால் வேலை. அது கிடைக்காதவர்கள் துண்டு துவைக்கலாம், முடி கூட்டலாம்.

முதலில் வகிடு எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வால் சீப்பின் கூர் முனையால் உச்சியிலிருந்து பிடரி வரை ஒரு கோடு, காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு. தலையை நாலாகப் பிரித்துக் கிளிப் போட வேண்டும். ரப்பர் தலை ஒன்று ஸ்டாண்டில் இருக்கும். அதில்தான் பழகினோம். அந்தத் தலையைத் தொடவே எனக்குக் கை கூசியது. கண்ணைத் திறந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் சின்னப் பெண்கள். வாடிப்பட்டியிலிருந்து வந்த ஒருத்தி என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள்.

"சித்தி, அது ரப்பரு. பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்க. முடியப் பிடிச்சு இழுங்க, அழாது."

மெல்ல மெல்லக் கை பழகியது. முடியை ஈரமாக்கி, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வர வேண்டும். மேலிருந்து இழுத்தால் முடி அறுந்துவிடும். பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் முடியை இறுக்கிப் பிடித்து, விரலுக்குக் கீழே வெட்ட வேண்டும். நுனியை யு எழுத்து மாதிரி வளைத்து வெட்டும் யு கட் எனக்கு நன்றாக வந்தது. மேடமே ஒருமுறை பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

டெஸ்டுக்கு ரப்பர் தலை ஆகாது. ஆளுக்கொரு நிஜத் தலையைக் கூட்டி வர வேண்டும், முடி இடுப்புக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். சின்னப் பெண்களுக்குக் கல்லூரித் தோழிகள் இருந்தார்கள். நான் ஊரில் குழாயடியில் போய்க் கேட்டேன். கேட்க வாய் வருவதற்குள் இரண்டு குடம் நிறைந்து வழிந்தது.

"அதுக்கு எங்க தலைதான் கெடச்சுச்சாக்கும்" என்றாள் ஒருத்தி. "பொம்பள முடியில கத்திரி வச்சா வீட்டுக்கு ஆகாது. ஒங்க மேடம் தலையில வச்சுப் பழகு."

இன்னொருத்தி தன் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டினாள். "எனக்கு இருக்குறதே எலிவாலு. இதையும் வெட்டிட்டா எங்க வீட்டு ஆளு அடையாளம் தெரியாம அடுத்த வீட்டுக்குப் போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அக்காவிடம் நான் கேட்கவில்லை. அவளுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. அடுத்து மருந்து ஏற்ற வேண்டும், ஏற்றினால் முடி முழுக்கக் கொட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் இருவரில் முடி அவளுக்குத்தான். உட்கார்ந்தால் தரையைத் தொடும். தலைக்குக் குளித்துவிட்டு அவள் களத்தில் நின்று காயவைத்தால் தெருவில் போகிறவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். அது அவளுக்குத் தெரியும்.

அவளே கேட்டாள். "டெஸ்டுக்குத் தலை வேணும்னியே, கெடச்சுச்சா?"

"கெடைக்கும்."

"பொய் சொல்லாத. எம் முடிய வெட்டு. எப்படியும் கொட்டப் போறது. கொட்டுறதுக்கு முன்னாடி ஒனக்காச்சும் ஒதவட்டும்."

"மருந்து ஏத்தணுமே."

"ஒன் டெஸ்டு முடிஞ்சுதான் ஏத்துவாகளாம். நான் கேட்டுட்டேன்."

நம்பினேன். நான் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனால் இருட்டும் நேரம்தான் திரும்புவேன். ரத்த டெஸ்டுக்குப் போனோம் என்று ஒருநாள் அக்காவும் அத்தானும் மதுரைக்குப் போய் வந்தார்கள். அதன் பிறகு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அல்சர் என்றாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே படுத்தாள். பனி ஆகவில்லை என்றாள்.

டெஸ்ட் அன்று அவள் பட்டுச் சேலை கட்டினாள். இறுக்கிப் பின்னிய சடையோடு பஸ்ஸில் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அங்க காப்பி குடுப்பாகளா?"

"டீ குடுப்பாங்க. கஸ்டமருக்கு மட்டும்."

"அப்ப எனக்கு உண்டு" என்றாள்.

பார்லரில் மூன்று நாற்காலிகள் டெஸ்டுக்கு, நான்காவதில் வெளி கஸ்டமர் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அக்காவை உட்காரவைத்துக் கழுத்தில் துணி கட்டினேன். சடை நுனி ரப்பர் பேண்டைக் கழற்றிப் பிரிக்கத் தொடங்கினேன். அது லேசில் பிரியவில்லை. பல நாள் பிரிக்காத சடை. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கில் பாய் மாதிரி பின்னிக் கிடந்தது. தண்ணீர் அடித்தேன். நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டு மேலே வந்தேன். கழுத்துக்குப் பக்கத்தில் சீப்பு வந்தபோது இழுத்ததே தெரியவில்லை. ஒரு கை முடி அப்படியே வேரோடு என் கையில் இருந்தது.

அறுத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு வலிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாச் சீவு" என்றாள்.

மெதுவாகச் சீவினேன். அடுத்த பகுதியும் கையோடு வந்தது. பிடரிக்கு மேலே தோல் வெள்ளையாகத் தெரிந்தது. மேடம் வந்து என் கையிலிருந்த சீப்பை வாங்கினார். விரலால் அக்காவின் மண்டையைத் தடவிப் பார்த்தார்.

"அம்மா, மருந்து ஏத்தியாச்சா?"

"ஒரு தடவதான்" என்றாள் அக்கா.

"எப்பக்கா?" என்றேன்.

"நீ ரோலர் போடப் படிச்சேன்னு வந்து சொன்னியே, அன்னைக்கு. ரத்த டெஸ்டுன்னு சொன்னது அதுக்குத்தான். தள்ளிப் போட முடியாதுன்னுட்டாக."

"ஏங்கிட்ட சொல்லலையே."

"சொன்னா நீ இங்க கூட்டியாந்திருப்பியா? இம்புட்டுச் சீக்கிரம் விழும்னு யாரு கண்டா. சடையப் பிரிக்காம வச்சிருந்தா நிக்கும்னு நெனச்சேன்டி."

நான்காவது நாற்காலியிலிருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "மேடம், இது ஒட்டுமா?"

"ஒட்டாதும்மா, நீங்க உக்காருங்க." ஆனாலும் அவர் உட்காரவில்லை. துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மேடம் என்னிடம் திரும்பினார். அவர் கத்தவில்லை. "கத்திரிய வச்சிருங்க. இதுல வெட்டுனா நான் எதப் பாத்து மார்க் போடுறது? அடுத்த பேட்ச் டெஸ்டுல பாப்போம். அதுவரைக்கும் துண்டு துவைக்கிறதப் பாருங்க."

"இந்தப் பக்கம் முடி இருக்குல்லம்மா" என்றாள் அக்கா. காதுக்கு மேலே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கையால் அழுத்திப் பிடித்துக் காட்டினாள். "இதுல வெட்டச் சொல்லுங்க. அவ நல்லா வெட்டுவா."

மேடம் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

வாடிப்பட்டிப் பெண் துடைப்பத்தோடு வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கவர் எடுத்து வந்து, குனிந்து கையாலேயே முடியை அள்ளிப் போட்டாள். கவரை என் கையில் கொடுத்தாள்.

புதுத் துண்டு ஒன்றை அக்காவின் தலையில் கட்டினேன். படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பஸ் வருவது தெரிந்தபோது அக்கா சொன்னாள்.

"டீ குடுக்கலையே."

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஜன்னல் கம்பியில் ஒரு பை தொங்கும். தலை சீவும்போது சீப்பில் வரும் முடியைச் சுருட்டி அதில் போடுவார்கள். சிக்குமுடிக்காரர் மொபெட்டில் சத்தம் கொடுத்துக்கொண்டு வரும்போது முடியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவார்கள். ஒரு பை நிறைய ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். வீட்டுக்கு வந்ததும் கவரில் இருந்ததை அதில் போடப் போனேன். பை பிதுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பை, வாய் கட்டி மாட்டியிருந்தது. தலையணையிலும் துண்டிலும் விழுந்ததையெல்லாம் அவள் கீழே எறியாமல் சேர்த்திருக்கிறாள்.

கவரைப் பக்கத்துக் கம்பியில் மாட்டிவிட்டு அவளுக்குக் கஞ்சி வைத்தேன். பாதி குடித்தாள்.

மறுநாள் சிக்குமுடிக்காரர் வந்தார். அக்கா துண்டைக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் கொடுத்தாள். ஒரு எவர்சில்வர் டீ வடிகட்டி வாங்கினாள். நான் பஸ் ஏறிப் போய்த் துண்டுகளைத் துவைத்தேன்.