பேரருவியில் வேட்டி ஏற்றும் வழக்கம்

சாரல் காலத்தில் குற்றாலம் போக எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்ல வந்தவை:

1. நான் போன காரணமும் வழியும்
2. தங்கும் இடம், சாப்பாடு, செலவு
3. பேரருவியில் குளிப்பவர்களுக்கான விதிகள்
4. அந்த விதிகளை அங்கே அமல்படுத்தும் முறை முற்றிலும் தவறு என்பது
5. போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

இந்தப் பட்டியலைக் குற்றாலத்தில் இரண்டாம் நாள் மாலை எழுதினேன். மையில் எழுதியதை அடித்துத் திருத்தும் பழக்கம் எனக்கில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். வரிசை குலைந்தால் மனம் ஒரு நிலையில் இராது.

போன காரணம் முழங்கால் வலி. ஆறு நாள் அருவியில் நின்று பாருங்கள் என்றார் வைத்தியர். ஆனிக் கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷனில் காலை ஆறரை மணி ரயில் ஏறினேன். தென்காசிக்கு நாற்பத்து மூன்று மைல், மூன்றாம் வகுப்புக்குப் பதின்மூன்று அணா. கடையம் தாண்டியதும் ஜன்னலில் மலை வந்து நின்றது. எதிரே இருந்தவர் துண்டை எடுத்துக் காதோடு சுற்றிக்கொண்டார். ஒன்பதே காலுக்குத் தென்காசியில் இறங்கினேன்.

ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். ஜட்காக்காரர் மைதீன் ஆறு அணா கேட்டார், கொடுத்தேன். நாலு அணாவுக்கு வருவார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்குப் பேரம் பேச வராது.

"அண்ணாச்சி, அருவிக்கரையில வேட்டியப் பத்திரமா பாத்துக்கிடுங்க" என்றார் வழியில்.

"திருடர்கள் உண்டோ?"

"திருடன் எங்க வாரான்? பேச்சிமுத்து அண்ணாச்சி கொடி ஏத்திருவாரு!" அவர் சிரித்த சிரிப்பில் குதிரையே ஒரு தரம் திரும்பிப் பார்த்தது.

சத்திரத்துத் தெருவில் ஓர் அறை, நாள் வாடகை எட்டு அணா. சாப்பாடு மூன்று அணா. ரசம் நன்றாக இருக்கும், மோரை நம்ப வேண்டாம்.

இனி விதிகள். பேரருவிக்குப் போகும் வழியில் ஊர்ப் போர்டார் பலகை வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வரக்கூடாது, முட்டித் தள்ளக்கூடாது, பெண்கள் பக்கம் போகக்கூடாது, வெற்றிலை துப்பக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எண்ணெய்க் காலோடு மேல்படி ஏறக்கூடாது. எண்ணெய் தேய்த்தவர்கள் கீழே உள்ள பெரிய கல்லில் நின்று, அரப்புப் போட்டுக் கழுவிய பிறகே ஏற வேண்டும். மேல்படிக் கல்லில் ஒரு துளி எண்ணெய் விழுந்தாலும் பின்னால் வருகிறவர் கதி அவ்வளவுதான். மீறினால் பெயரெழுதித் தென்காசிக் கோர்ட்டில் அபராதம் என்பது பலகையின் கடைசி வரி.

ஆனால் அங்கே யார் பெயரையும் எழுதுவதில்லை. அருவிச் சேவகர் பேச்சிமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். விசில் ஊதினால் அருவிச் சத்தத்தில் அவருக்கே கேட்காது. ஆகவே ஈரக்கல்லில் எண்ணெய்த் தடத்தைப் பார்த்தபடி கரைக்கு நடப்பார். எந்தப் பாறையில் யார் வேட்டி கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். மீறியவரின் உலர்ந்த வேட்டியை எடுத்து நீண்ட மூங்கிலில் கட்டித் தூக்கிப் பிடிப்பார். அருவிக்குள் நிற்கும் அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். உரியவர் ஈரத்துண்டோடு வெளியே வந்து, மரத்தடியில் இருக்கும் சாம்பலும் தேங்காய்நாரும் எடுத்துப் படியைத் தேய்த்துக் கழுவினால்தான் வேட்டி இறங்கும்.

முதல் நாள் ஏறியது என் வேட்டிதான். பலர் முன்னால் எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூச்சப்பட்டு, அறையிலேயே தேய்த்துக்கொண்டு போயிருந்தேன். கீழ்க்கல்லில் கூட்டமாக இருந்ததால் அங்கும் நிற்காமல் மேலே ஏறிவிட்டேன்.

"ஏலே, கொடி ஏறிட்டு! யாருதுலே அது? கஞ்சியில நிமிந்து நிக்கி!"

"வாத்தியார் வேட்டியால்லா தெரியுது! நாரு அங்கன இருக்கு அண்ணாச்சி, வெரசா வாங்க!"

நான்கு படிகள் தேய்த்தேன். பேச்சிமுத்து பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார். "முட்டி வலியா ஐயா? நீங்க நின்னுக்கிட்டே தேயுங்க, குனிய வேண்டாம்" என்றார்.

இரவெல்லாம் அது மனதில் உறுத்தியது. மறுநாள், சேவகருக்கு விதியில் இல்லாத அதிகாரம் கிடையாது, இது பொதுவிடத்தில் அவமானம், இனி பெயரெழுதியே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மூன்று வரியில் மனு எழுதிப் போர்டு ஆபீசில் கொடுத்தேன். யார்மேலும் கோபமில்லை. பிழையைக் கண்டால் சிவப்பு மையால் சுழிப்பவன், அவ்வளவே.

மூன்றாம் நாள் ஒரு ஜவுளி வியாபாரியின் ஜரிகை வேட்டி ஏறியது. அவர் படி தேய்க்க மறுத்து, ஈரத்தோடு நேரே ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். நான்காம் நாள் காலை விசாரணை. என்னையும் அழைத்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டரின் மேஜையில் என் மனு விரித்திருந்தது.

"இது நீங்கள் எழுதியதுதானே?"

"நான்தான்."

"பார்த்தீங்களா! படிச்ச மனுஷரே அவமானம்னு எழுதிட்டார்" என்றார் வியாபாரி. "இந்தச் சேவகனை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பணும்."

பேச்சிமுத்து பதினேழு வருஷ ஊழியர். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கக்கூட இல்லை. "ஐயா எழுதினது நெசந்தான். விதியில கொடி கெடையாது" என்றார். "ஆனா பேரு எழுதப் போனா அதுக்குள்ள ஒருத்தன் விழுந்துருதான் எசமான். எழுதின தாளும் சாரல்ல கரைஞ்சிருது. நான் என்ன செய்யட்டும்?"

கூட்டத்தில் நானாக எழுந்து பேசியது வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

"மனுவில் இரண்டாவது வரி பிழை" என்றேன். "எனக்கு வந்தது கூச்சம். நாலாவது படி தேய்த்து முடிந்தபோது அது போய்விட்டது. என் பெயரை எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் போயிருக்காது."

இன்ஸ்பெக்டர் மனுவை மடித்து வைத்தார். வேலை இருக்கட்டும், ஆனால் இனி யார் வேட்டியையும் தொடக்கூடாது, போர்டு ஒரு சிவப்புத் துணி கொடுக்கும், அதைத்தான் காட்ட வேண்டும், இன்னொரு புகார் வந்தாலும் படியில் யாராவது விழுந்தாலும் வேலை போய்விடும் என்று முடித்தார்.

ஐந்தாம் நாள் சிவப்புத் துணி ஏறியது. ஒருவரும் அசையவில்லை. அது யாருடைய துணியும் அல்லவே! மேல்படியில் எண்ணெய் பளபளத்தது. ஒரு கிழவர் வழுக்கி, பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துத் தப்பினார். பேச்சிமுத்து துணியை ஆட்டுவதும் ஓடிவந்து சாம்பல் தூவுவதுமாக இருந்தார்.

நான் அருவியைவிட்டு வெளியே வந்து, பாறையில் கிடந்த என் வேட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம் ஐயா, தொடக்கூடாதுன்னுட்டாவ."

"நீங்கள் தொட வேண்டாம். மூங்கிலைச் சாயுங்கள், நானே கட்டுகிறேன்."

வேட்டி மேலே போனது. "ஏலே, கொடி!" என்று ஒரு குரல். அருவி முழுக்கத் திரும்பியது.

"யாருதுலே?"

"என்னுடையது!" என்று கையைத் தூக்கினேன். குரல் கேட்டிருக்காது, கை தெரிந்திருக்கும். நாரை எடுத்து, காலில் எண்ணெயே இல்லாத நான் மேல்படியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, ஒம்ம கால்ல எண்ணெயே இல்லையே?"

"இருக்கிறவர்கள் வரட்டும்."

முதலில் இருவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். பிறகு மூன்று பேர். வியாபாரி அருவியோரத்தில் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழ்க்கல்லுக்கு இறங்கி அரப்பைக் குழைத்தார். ஆறாம் நாள் காலை நான் போவதற்குள் வேறு யாரோ தம் வேட்டியைத் தாமே கட்டிக் கொடுத்திருந்தார். பேச்சிமுத்து மூங்கிலின் அடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போகிறவர்களுக்கு: வேட்டி இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். காலை ஏழுக்கு முன் கூட்டம் குறைவு. கீழ்க்கல்லில் கூச்சப்படாமல் நில்லுங்கள், எல்லோரும் துண்டோடுதான் நிற்கிறார்கள். கொடி ஏறினால் யாருடையது என்று பார்ப்பதோடு உங்கள் காலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு நாளைக்கு எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பது ரூபாய்க்குள் முடிந்தது. முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது.

பட்டியலில் நான்காவதாக எழுதியது தவறு.