ஐரிஷ் வகுப்பின் ஏழாவது ஆள்

நோயைப் பற்றிப் பேசப்போய் ஒரு வகுப்பையே படுக்கையில் போட்ட மடையன் நான்தான்.

ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், ஐம்பது வயதுக்குப் பிறகு, புதன்கிழமைப் பின்னேரங்களில் ஐரிஷ் மொழி படிக்கப் போனேன். விரும்பியது சமையல் வகுப்பு, அது நிரம்பிவிட்டது. ஐரிஷில் இடம் தாராளமாக இருந்தது. ஏன் என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

வருகிறவர்கள் ஏழுக்குக் குறைந்தால் கல்விநிலைய அலுவலகம் வகுப்பை மூடிவிடும். நாங்கள் சரியாக ஏழு பேர். அயர்லாந்துக்கார ஆசிரியை வாரந்தோறும் வாசலில் நின்று ஐரிஷில் எங்களை எண்ணுவார். அந்த மொழியைப் பேச அவருக்கு இந்த ஊரில் வேறு ஆளில்லை.

ஒரு வாரம் ஆளுக்கொரு சொல்லை விளக்கவேண்டும். எனக்கு விழுந்தது ‘டீன்’. சுகமில்லாத என்று பொருள். புதன் காலை எனக்கே காய்ச்சல்.

“ஏலாதெண்டால் பேசாமல் படுங்கோவனப்பா,” என்றாள் மனைவி.

“நான் போகாட்டி ஆறு பேர். மூடிப்போடுவாங்கள்.”

“ஓம் ஓம், நீங்கள் இல்லாட்டி அயர்லாந்தே அழிஞ்சுபோகும்.”

போனேன். இருமி இருமி விளக்கினேன். அந்தச் சொல்லுக்கு வலி என்றும் பொருளுண்டு; தொண்டை நோவுக்கும் அதுதான். நம்மிடமும் நோவும் நோயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே. ஆனால் சளி பிடித்தால் ஐரிஷ்காரர் ‘சளி என்மேல் இருக்கிறது’ என்பார்கள். அங்கே சளிதான் எழுவாய். ஆள், அது ஏறி உட்காரும் வெறும் கதிரை.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஐரிஷில் ‘மேல்’ என்ற சொல்லே ஆளுக்கு ஆள் உருமாறுவதைக் காட்டுகிறேன் என்று புறப்பட்டேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரின் கையைப் பிடித்து, “சளி உங்கள்மேல்” என்றேன். பிறகு “அவள்மேல்”, “அவர்கள்மேல்”. ஆறு பேர் கையையும் குலுக்கினேன். ஆசிரியையையும் விடவில்லை. நல்ல கைதட்டல்.

அடுத்த புதன் ஆசிரியை சிவந்த மூக்கோடு வாசலில் நின்றார். என்னைப் பார்த்து “அ ஹேன்” என்றார். ஒன்று. அதற்குமேல் எண்ண ஆளில்லை. அதற்கடுத்த புதன் மூவர். வகுப்பை மூடிவிட்டார்கள்.

போன மாதம் கடையில் தபால்காரரைக் கண்டு, ஆசையாகக் கையை நீட்டினேன். அவர் தன் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இலக்கணம் எல்லாம் மறந்துபோய்விட்டது. இருமல் இன்னும் போகவில்லை. தள்ளி நில்லுங்கள்.”