நடுச்சாலையில் உட்கார்ந்த யானை

எங்கள் குடியிருப்புக் காவலாளி, காரைப் பின்னால் எடுக்கச் சொல்லி விசில் ஊதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

என் சிறுவயதில், எல்லைப் போராட்ட நாட்களில், எங்கள் ஊரான பாறசாலைக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. கடையடைப்பால் ஆட்டம் நடக்கவில்லை. பாகன் யானையைக் குளத்துக்கு நடத்திப்போன ஒரு காலையில், ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் வண்டி துரத்தி வந்தது. ஓடியவர்களில் அப்பாவும் உண்டு; நான் எங்கள் வீட்டு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்கே நின்ற யானையை விலக்க இன்ஸ்பெக்டர் விசில் ஊதினார். அது நடுச்சாலையில் உட்கார்ந்து தும்பிக்கையைத் தூக்கி சலாம் வைத்தது. இன்னும் பலமாக ஊதினார். இன்னொரு சலாம்.

"எழுப்புடா அத!"

"விசிலடிச்சா உக்காந்திருக்கணும்னாக்கும் படிப்பிச்சிருக்கு, சாரே. நீங்க நிறுத்தினா எந்திக்கும்," என்றான் பாகன்.

அவர் நிறுத்தினார். யானை எழுந்தது. அப்பா இன்னும் ஒளிந்துகொள்ள மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தை எட்டியிருக்கவில்லை. அப்போது எங்கள் வேலிக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. யானை மறுபடி உட்கார்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். விசிலடித்தால் வாயில் சூடு வைப்பேன் என்று எங்களை மிரட்டும் அம்மா, இரண்டு விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாட்ட சொல்லப்பிடாது, கேட்டியா மக்கா," என்றாள்.