கஃபார் பாயும் கத்துகிற வண்டியும்

கஃபார் பாய் எங்கள் வண்டியிலிருந்து இறங்கிப் போனது ஒரு புதன்கிழமை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியை ஓரம் கட்டினார். சட்டைப் பையிலிருந்து ஆட்டுத்தோல் துண்டை எடுத்து ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் துடைத்தார். யாருடைய வண்டியாக இருந்தாலும் ஒப்படைக்கும் முன் இப்படித் துடைப்பார். அன்றைய கோபத்திலும் அதை விடவில்லை.

"இதுக்கும் நமக்கும் ஒத்து வராது மேடம். பாப்பா ஓட்டட்டும். அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

மேடம் என்றது என் அம்மா மோகனாவை. பாப்பா நான். சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்று ஆம்பூர் பஸ்ஸுக்குக் கை காட்டினார். அம்மா பின் இருக்கையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான்: எங்களுக்கு முன்னால், பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தின் பின்னால் யாரும் அதிக தூரம் போக மாட்டார்கள். பாய் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினார். எஞ்சின் அலறியது, வண்டி தன் இஷ்டத்துக்கு மெதுவாக வேகம் எடுத்தது. "மெதுவா மிதிங்க பாய், அதுவே போகும்" என்று நான் சொன்னேன். அந்த நேரத்தில் அவருடைய இடது கால் தானாக எழுந்து, இல்லாத கிளட்ச்சைத் தேடிப் போய், பிரேக்கை மிதித்தது. அம்மாவின் நெற்றி முன் இருக்கையில் மோதியது. பின்னால் வண்டி எதுவும் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

கஃபார் பாய் ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் தேவைப்படும் நாளில் கூப்பிடுவார்கள். அவர்கள் காரையே எடுத்துச் சென்னை விமான நிலையத்துக்கும் பெங்களூருக்கும் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவார். அறுபதைத் தொடும் வயது, மருதாணித் தாடி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. ஊரில் எந்தத் தோல் ஷாப்பின் கேட் எந்தச் சந்தில் இருக்கிறது, எந்த வாட்ச்மேன் ஹாரன் அடித்தால் கோபிப்பான் என்பதெல்லாம் அத்துப்படி. தோல் பதனிடும் இடத்துக்கு இங்கே ஷாப் என்றுதான் பெயர். ஷாப் ஷாப்பாகப் போய்த் தோலின் தரம் பார்ப்பது அம்மாவின் வேலை. அதனால் அவருக்குப் பாய்தான் வேண்டும், வேறு ஆள் ஆகாது.

இத்தனை பேர் வண்டியை ஓட்டியதால் அவருக்கு எல்லா ஆட்டோமேட்டிக் கியர் மீதும் தீர்ப்பு உண்டு. கேட்க வேண்டியதில்லை, சாவியைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

விலை குறைந்த ஏ.எம்.டி. வண்டியைப் பற்றி: "உள்ள லைசென்ஸ் இல்லாத ஒருத்தன் உக்காந்து கிளட்ச் மிதிக்கறான் பாப்பா. ஒவ்வொரு கியருக்கும் நம்மள குனிஞ்சு சலாம் போட வைக்கறான்."

இரட்டைக் கிளட்ச் வண்டியைப் பற்றி: "ரெண்டு பொண்டாட்டி கட்டின மாதிரி. ரோடு காலியா இருந்தா சொர்க்கம். டிராபிக்ல நின்னா ரெண்டும் சூடாயிடும்."

இதை அவர் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னபோது உள்ளேயிருந்து அவர் மனைவி நசீமுன்னிசாவின் குரல் வந்தது: "ஒண்ணையே ஒழுங்கா வெச்சுக்கத் துப்பு இல்ல, பேச்சப் பாரு!"

அவர் மனம் நிறைந்து பாராட்டுவது டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் ஒன்றைத்தான். "கேட்டா ஒரு நிமிசம் யோசிக்கும். அப்புறம் மாத்தும். மாத்தினது நமக்குத் தெரியும். மரியாதை தெரிஞ்ச வண்டி."

எங்களுடையது சி.வி.டி. அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பட்டை ஏறி இறங்கி வேகத்தை வழுக்கலாக மாற்றிக்கொண்டே இருக்கும். எப்போது மாறியது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. உலகத்தில் பாதிப் பேர் இதைத்தான் பிரச்சினையில்லாமல் ஓட்டுகிறார்கள். நான் சுற்றிய ஊர்களிலெல்லாம் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறேன். பாயிடம் சொன்னால், "அங்கெல்லாம் ரோட்ல எருமை வருதா?" என்பார்.

"வராது. ஆனா அதுக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்?"

"கத்துது கத்துது, போவ மாட்டேங்குது. மிக்ஸி மாதிரி. சட்னி அரைக்கறதுக்கா நான் லைசென்ஸ் எடுத்தேன்?"

நீங்கள் காலைத் தரையில் ஊன்றினால் கத்தத்தான் செய்யும், பாதி மிதித்தால் சத்தமே வராது என்று எத்தனை தரம் சொல்வது? தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த லாரி வந்ததும் மறுபடி தரையோடு அழுத்துவார். "பாத்தியா, கத்துது" என்று கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அம்மா என்னை விடவில்லை. "போய்க் கூட்டிட்டு வா. நீ ஓட்டினா எனக்கு வழி சொல்லியே வாய் வலிக்குது."

பாய் வீட்டில் இல்லை. நசீமுன்னிசா என்னை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தார். "முட்டி போச்சும்மா. இடது முட்டி. கிளட்ச் மிதிக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்ட்டாரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு, ரோசம். வக்கார் சாகிப் வண்டி இருந்த வரைக்கும் ஓடுச்சு."

ஷாப் முதலாளி வக்கார் அகமதுவின் வண்டிதான் அந்த மரியாதை தெரிந்த டார்க் கன்வெர்ட்டர். அவர் குடும்பத்தோடு சென்னைக்குப் போனபோது வண்டியும் போய்விட்டது. இப்போது பாயைக் கூப்பிடும் வீடுகளில் ஒன்று கிளட்ச் வண்டி, இல்லையென்றால் எங்களுடையதைப் போலக் கத்துகிற வண்டி. கிளட்ச் மிதிக்கக் கால் விடாது, சி.வி.டி. ஓட்ட வாய் விடாது.

"மருமகன் கடையில உக்காரச் சொல்றாரு. இன்னிக்கு உக்காந்திருக்காரு. போய்ப் பாரு, பேஜார் புடிச்சுக் கெடக்காரு."

கடை பைபாஸ் ஓரத்தில். ஏற்றுமதியில் கழித்துக் கட்டிய ஷூக்களைக் குவித்து விற்கிறார்கள். கஃபார் பாய் குவியலுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூ வாங்க வந்தவரிடம் ஏ.எம்.டி.யைத் திட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் ஷூவை வைத்துவிட்டுப் போனார்.

"வாங்க பாய்" என்றேன்.

"மேடம் நெத்தி எப்படி இருக்கு?"

"வீங்கியிருக்கு. வாங்க."

"வேணாம் பாப்பா. அதுல எப்ப இன்னா நடக்குதுன்னு காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

காலுக்கு என்றார். எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் ஊர் திரும்பிய நாளில், வக்கார் சாகிப் வண்டியில் வந்து என்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தவர் இவர்தான். நான் முன் இருக்கையில் இருந்தேன். கியர் மாறும்போதெல்லாம் அவருடைய இடது கால் தரைவிரிப்பின் மேல் மெத்தென்று ஒரு தட்டுத் தட்டியது. ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். வண்டியில் பாட்டு ஓடவில்லை.

அவரை வம்படியாக இழுத்து வந்து எங்கள் வண்டியில் உட்காரவைத்தேன். கியர் கம்பியை டி-யிலிருந்து எம்-முக்குத் தள்ளினேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது போல இரண்டு சின்னத் தகடுகள் இருக்கின்றன. இழுத்தால் கம்ப்யூட்டர் அந்த வழுக்கலைப் படிப்படியாக நிறுத்தி, கியர் போலக் காட்டும். சத்தம் ஏறும், இழுத்தால் இறங்கும். ஷூக் கடையிலிருந்து பாலம் வரை ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

ஓட்டினார். இழுத்தார். சத்தம் இறங்கியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது பொய் கியரு பாப்பா."

"ஆமா, பொய்தான்."

"பல்செட்டு போட்டுக்கிட்டு நல்லி எலும்பு கடிக்கற மாதிரி."

"கடிக்க முடியுதா இல்லையா?"

ஆட்டுத்தோல் துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். நான் அந்தத் துண்டைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடலாமா என்று இருந்தேன். அவ்வளவு சலித்திருந்தது எனக்கு. "பாக்கலாம். மேடத்துக்காக" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே நான் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பினேன். அம்மாவிடம் போனில் கேட்டால், "வர்றாரு. திட்டிக்கிட்டே ஓட்டுறாரு" என்பார். எப்படி ஓட்டுகிறார் என்றால், "எனக்கென்ன தெரியும், நான் பின்னால மாதிரித்தோல் பாத்துக்கிட்டு இருப்பேன்."

மாதங்கள் ஓடின. போன வாரம் அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேர்ணாம்பட்டு போகிற வழியில் பேசியிருக்கிறார். "லைனிங் தோல் பூரா சுருக்கம், திருப்பி அனுப்பிட்டேன். உனக்கு அங்க குளிருதா? எப்ப வர்ற?" அவர் குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் ஏறி, சட்டென்று இறங்கியது. உடனே, மெத்தென்று, தொப். மறுபடி ஏறி, இறங்கி, தொப்.

அம்மா பேச்சை நிறுத்தினார். "பாய், கீழ ஏதோ தட்டுதே, என்னா சத்தம்?"

"ரோடு சரியில்ல மேடம்" என்றார் கஃபார் பாய்.

எஞ்சின் ஏறியது. இறங்கியது. தொப்.